பூட்டிய கோயிலுக்குள் என் சம்பந்தி

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சம்பந்தியம்மாவை ஒரு சிவன் கோயிலுக்குள் வைத்துப் பூட்ட நான் காரணமாகிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள், ஆனாலும் அதுதான் உண்மை. அவர் உயிரோடு திரும்பியது ஆண்டவன் போட்ட பிச்சை.

எனக்கு ஊர் குத்தாலம். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் தெருக்காரர்கள் ஒரு வேனும் ஒரு காருமாகக் கிளம்புவோம். கூட்டம் மொய்க்கிற பெரிய கோயிலுக்குப் போக மாட்டோம். வயல் நடுவில், ஒரு வேளை விளக்கோடு நிற்கிற பழைய கோயில்களாகப் பார்த்துப் போவோம். அங்கே தள்ளுமுள்ளு கிடையாது. சாமிக்கும் நம்மைப் பார்க்க நேரம் இருக்கும்.

அன்றைக்கு என் மகளின் மாமியாரும் சீர்காழியிலிருந்து வந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வார். போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து.

உச்சிவேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயில் பூட்டியிருந்தது. ஐந்து ஊர்க் கோயிலுக்கு ஒரே குருக்கள், பைக்கில் சுற்றிச் சுற்றிப் பூசை செய்கிறவர். வர நேரமாகும் என்றார்கள். சரி, சாப்பிட்டுவிடலாம் என்று புளியோதரைத் தூக்கை இறக்கினோம். சம்பந்தி ஊசி போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து பைக் சத்தம்.

"சீக்கிரம் வாங்கோ, அடுத்த ஊர்ல நைவேத்யம் காத்துண்டிருக்கு" என்றார் குருக்கள்.

தூக்கை மூடிவிட்டு எல்லோரும் உள்ளே ஓடினோம். சம்பந்தி தன் பையை என்னிடம் நீட்டினார்.

"புடிங்க சம்பந்தி, மூணு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

"ஊசி போட்டிருக்கீங்களே, ஒரு வாய் சாப்புட்டுட்டுச் சுத்துங்களேன்."

"அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது. சாமிய விடப் புளிசாதம் பெருசா உங்களுக்கு?"

"பசிச்சாப் பெருசுதான்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

தரிசனம் முடிந்தது. பூட்டுவதற்கு முன்னால் குருக்கள் வாசலில் நின்று குரல் கொடுப்பார். அன்றும் கொடுத்தார்.

"உள்ள யாராவது இருக்கேளா?"

என் வாய் சும்மா இருக்குமா?

"ஒரே ஒருத்தர்தான் சாமி இருக்காரு. பூட்டினாலும் கோவிச்சுக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். குருக்களும் சிரித்துக்கொண்டே பூட்டிவிட்டு பைக்கை எடுத்தார். அந்தச் சிரிப்பில் யாரும் ஆளை எண்ணவில்லை. சம்பந்தி காரில் இருப்பார் என்று வேனில் இருந்த நான் நினைத்தேன். வேனில் இருப்பார் என்று காரில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அடுத்து ஒரு புத்தர் சிலை. கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. வண்டி மட்டும் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். சம்பா வயல் ஓரம், மேலே கூரை கூட இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே இலை போட்டபோதுதான் தெரிந்தது, சம்பந்தி இல்லை.

பையைத் திறந்தேன். அவருடைய போன் உள்ளே இருந்தது. மயக்கம் வந்தால் கரைத்துக் குடிக்க வைத்திருந்த குளுக்கோஸ் பாக்கெட்டும் என் கையில். குருக்கள் போனை எடுக்கவில்லை. அவரைத் தேடிக் கார் ஒரு பக்கம் பறந்தது, வேன் கோயிலுக்குத் திரும்பியது. வேனைப் பிடிக்க ஓடிய நான் வரப்பில் வழுக்கிச் சேற்றில் விழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை, வேன் போய்விட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரே அந்தப் புத்தர்தான்.

"சாமி, உன்ன எப்படிக் கும்புடணும்னு எனக்குத் தெரியாது. எந்தப் பாட்டு உனக்குப் புடிக்கும்னும் தெரியாது. என் வாய்க்கு என்ன தண்டனை வேணாலும் குடு. அந்தம்மாவ எடுத்துக்காத. நான் என் மக மொகத்துல முழிக்கணும்."

வாய்விட்டே அழுதேன்.

"ஏம்மா ரிஷிகிட்ட அழுவுறீங்க? என்ன ஆச்சு?"

திரும்பினேன். களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண். அஞ்சலை என்று பேர். அந்த ஊரில் புத்தரை ரிஷி என்றுதான் கும்பிடுகிறார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"முன்வாசல்தான பூட்டியிருக்கு? பின்மதில்ல ஆடு பூர்ற சந்து இருக்கு. வரப்பு வழியாப் போனா பத்து நிமிஷம். எந்திரிங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சந்து என்றால் ஆட்டுக்குத்தான் சந்து. அவள் சுலபமாக நுழைந்துவிட்டாள்.

"தலைய மொதல்ல விடுங்கம்மா."

"தல போயிடும் அஞ்சலை, மத்ததுதான் யோசிக்குது."

அந்த நேரத்திலும் எனக்கு வாய் அடங்கவில்லை, பாருங்கள். புடவை கிழிந்தது, முட்டி தேய்ந்தது. எப்படியோ உள்ளே விழுந்தேன்.

அம்மன் சன்னதிக்குப் பின்னால் சம்பந்தி சுவரில் சாய்ந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கண் பாதி மூடி, ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அஞ்சலை தலையைத் தாங்க, அவர் பையிலேயே இருந்த தண்ணீரில் குளுக்கோஸைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது.

"என் பையத் தொறந்தீங்களா?" என்றார். அதுதான் முதல் பேச்சு. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"சம்பந்தி, நான் சொன்ன கேலியாலதான் பூட்டினாங்க. என்னை மன்னிச்சுடுங்க."

"தெரியும். நீங்க சொன்னது கேட்டுச்சு. ரெண்டு பேர் இருக்கோம்னு சொல்ல நெனச்சேன், நாக்கு எழும்பல." மூச்சு வாங்கிக்கொண்டார். "பரவால்ல. தனியா இருக்கேன்னு தோணல."

குருக்களைக் கண்டுபிடித்துச் சாவியோடு கூட்டி வந்தபோது ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மயிலாடுதுறையில் பார்த்த டாக்டர், அவ்வளவு நேரம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் கடைசியாக வெளியே வருகிறவள் நான்தான். மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவேன். சம்பந்தி மாதாமாதம் சீர்காழியிலிருந்து வந்துவிடுகிறார். இருவரும் அஞ்சலை வீட்டில் எண்ணெய் கொடுத்துவிட்டு, ரிஷிக்கு அவளோடு சேர்ந்து விளக்கேற்றுகிறோம்.

கஷ்டம் வந்தால், முறை தெரியாதே, மந்திரம் தெரியாதே என்று தயங்கி நிற்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பேச்சிலேயே கேளுங்கள். பதில் வரும். சேற்றுக் காலோடு வரும், என்னம்மா ஆச்சு என்று கேட்கும். கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடங்கள்.