அவர் வீட்டுக்கு நான் கொண்டுபோன கஞ்சி

போன வருடம், ஆடி மழை விடாமல் கொட்டிய ஒரு காலை. இங்கே திருவனந்தபுரத்தில் அதைக் கர்க்கடக மழை என்பார்கள். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. பழவங்காடிப் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, "தெருக்கோடியிலே ஒரு மரணம், கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே போனை எடுத்து, எங்கள் தெருவில் எந்தத் துக்கத்துக்கும் முன்னால் நிற்கிறவருடைய படத்தை அமுக்கினேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று அவரே தன் படத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் தெருத் தமிழ்க்காரர்களில் யார் இறந்தாலும் முதல் போன் அவருக்குத்தான். ஆம்புலன்ஸ், மயானம், ஊருக்குத் தகவல் எல்லாம் அவர் பொறுப்பு. கூடவே பத்துப் பேரைப் பழக்கியும் வைத்திருந்தார்.

போனை எடுத்தது அவர் மகள். "அத்தை... இறந்தது அப்பாதான்" என்றாள்.

மாலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கஞ்சி வைத்தேன்.

காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் இறந்த அன்று, இவர் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார். நான் யாரிடமும் கை நீட்டாதவள். "எனக்கு யாரும் சோறு போட வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "போடலே அக்கா. என் வீட்டுலயும் இப்படி ஒரு நாள் வரும் அல்லே? அன்னைக்கு நீங்கதான் கொண்டு வரணும். அதுக்குத் தெம்பு வேண்டாமா, குடிங்க" என்றார். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. குடித்தேன்.

அவர் வீட்டில் கூட்டம். அவர் பழக்கியவர்கள் ஆளுக்கொரு வேலையாய் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். துக்கம் தாங்காமல் மயங்குகிறாள் என்று ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். அந்த மழைக் குளிரில் வியர்வையா?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போடுவது அவர்தான். எவ்வளவு பெரிய கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாலும் ராத்திரி ஊசி நேரத்துக்கு எழுந்துவிடுவார். "வீட்டம்மா விசில் அடிச்சாச்சு, ஆள் ஓடுது பாரு" என்று மற்ற ஆண்கள் கேலி செய்வார்கள். "சிரிங்கடே. ஊசி போட்டு உடனே சாப்பாடு குடுக்கலேன்னா என் வீட்டு விளக்கு அணைஞ்சிரும்" என்பார்.

"அம்மாவுக்கு இன்னைக்கு ஊசி போட்டாச்சா?" என்று மகளிடம் கேட்டேன்.

"போட்டுட்டு, இட்லி எடுக்கத்தான் அடுக்களைக்குப் போனாரு அத்தை. அங்கேயே விழுந்துட்டாரு."

அதற்குப் பிறகு அவர் மனைவிக்கு ஒரு வாய் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊசி போட்டும் சாப்பிடாததால் அவள் உடம்பில் சர்க்கரை ஒரேயடியாய் இறங்கியிருந்தது; தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். "அவரைக் கிடத்திட்டு எனக்கு எதுக்குக்கா?" என்று தள்ளினாள்.

"அவரு கடைசியாப் பண்ணின வேலை பாதியிலே கெடக்குடீ. நீ குடிச்சாத்தான் அது முடியும்" என்றேன்.

வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கஞ்சியையும் குடித்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகையே வந்தது.

தெருவில் துக்கம் என்றால் என் விரல் இன்னும் அவர் படத்துக்குத்தான் போகிறது. அமுக்காமல் எழுந்து கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறேன். யாரிடமும் எதுவும் வாங்காத நான் அவரிடம் வாங்கிக்கொண்டது இந்தப் பழக்கம் ஒன்றுதான், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.