புளியமரம் ஸ்டாப்

போன சனிக்கிழமை என் அம்மாவை ஒரு மணி நேரம் தொலைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்... நிஜமாகவே.

சத்தியமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா முதன்முறையாகத் தனியாகக் கோவைக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் மட்டும் படிப்பார். “காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறி, பீளமேட்டுல புளியமரம் ஸ்டாப்புல எறங்கிக்கம்மா, நான் வந்தர்றேன்” என்று சொல்லியிருந்தேன்.

ஆபீஸில் மீட்டிங் இழுத்துவிட்டது. நான் ஓடிப்போய் நின்றபோது அம்மா இல்லை. போன் ஸ்விட்ச்டு ஆஃப். அடுத்த பஸ்... அதற்கடுத்த பஸ்... இத்தனை பெரிய ஊரில் எங்கே போய்த் தேடுவது?

கடைசி ஸ்டாப்பிலிருந்து கண்டக்டர் போனில் கூப்பிட்டார். அம்மாவிடம் நான் எழுதிக் கொடுத்திருந்த சீட்டில் என் போன் நம்பரைப் பார்த்தாராம்.

“ஏனுங்க தம்பி, உங்கம்மா இங்க டீ குடிச்சுட்டிருக்காங்க. புளியமரம், புளியமரம்னு மூணு தடவ சொன்னனுங்க. எறங்க மாட்டேன்னுட்டாங்க.”

பைக்கில் பறந்தேன். அம்மா முறைத்தார்.

“மரமே இல்லாத எடத்தப் புளியமரம்ங்கறாரு. நடுவழில உட்டுப்போட்டுப் போயிருவாரோன்னு கெட்டியா உக்காந்துட்டேன், கண்ணு.”

“அந்த மரத்த நானே பாத்ததில்லீங்க. பேருதானுங்க இருக்குது” என்றார் கண்டக்டர்.

நானும் பார்த்ததில்லை. ரோடு அகலமானபோது வெட்டினார்களாம். நான்கு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறேன். மரம் எங்கே என்று ஒருநாளாவது கேட்டேனா?

ஆனாலும் அம்மாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் பொரிந்து தள்ளினேன். இந்த ஊர்க்காரர்கள் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் – பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் அல்லவா!

பின்னாலிருந்து அம்மா தோளைத் தட்டினார்.

“நம்மூரு கரட்டு ஸ்டாப்புல கரடு இருக்குதா, சாமி?”

இல்லை. கரடு என்றால் சின்னக் குன்று. கல் உடைக்கும் கிரஷர் வந்தது, குன்று கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லியாகி லாரியேறியது. இப்போது அங்கே இருப்பது குழி. அந்தக் கிரஷரில் கல் சுமந்துதான் அம்மா என்னைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டின் முதல் டிகிரி.

“பாதிக் கரடு என்ர தலைமேலதான் போச்சு” என்றார் அம்மா, பெருமையா வருத்தமா என்று தெரியாத குரலில்.

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

“ஏன் பேச்ச நிறுத்திப்போட்ட? சும்மா கேட்டேன். உனக்குப் படிப்பு வேணுமல்லோ.”

மரம் என்றால் கன்று வாங்கி நட்டுவிடலாம். கரட்டை எந்த நர்சரியில் கேட்பது?