மடக்கி வைத்த பக்கம்

முக்கூடல் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு தடித்த நாவல். பேருந்து வந்தது. கை காட்டவில்லை. வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்து போக முடியாது.

வீட்டுக்கு வந்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கிளம்பிவிட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ராதாபுரத்தில் காற்றாலைக்குக் குழி தோண்டுவேன், திருச்செந்தூரில் விடுதி கூட்டுவேன். எங்கும் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. மனைவி வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறாள். மடியில் முறம்போல ஒரு சுளவு, அதில் இலையும் புகையிலைத் தூளும். எழுத்துக் கூட்டிப் படிப்பாள்தான், ஆனால் புத்தகம் பிடிக்கக் கை ஒழியாது. ஊருக்கு வந்தால் எதிரே உட்கார்ந்து நான் படித்துக்காட்டுவேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் சுளவோடு வந்துவிடுவார்கள்.

கிளம்பும்போது பாதிக் கதையில் பக்கத்தை மடக்கி, புத்தகத்தை என்னோடு கொண்டுபோய்விடுவேன். மிச்சத்துக்காகவாவது காத்திருப்பாள் என்று நினைப்பு. வெறுங்கையோடு திரும்பிய நாட்களிலும் அந்தப் புத்தகம்தான் என்னை வீட்டுக்குள் விட்டது.

இந்த முறை அவள் எதிரே, நான் உட்காரும் இடத்தில், அரிசி டப்பாமேல் சாய்ந்து ஒரு டேப்லெட் நின்றது. மகளின் படிப்புக்கென்று வாங்கிய மலிவான சாமான். மகள் பள்ளிக்குப் போனதும் அம்மாவுக்கு. எழுத்தை மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கியிருந்தாள். விரலில் தூள் ஒட்டியிருந்ததால் முழங்கையால் ஒரு தள்ளு. பக்கம் திரும்பியது.

நான் புத்தகத்தை விரித்தேன்.

"அதுவா? அவன் செத்துப்போயிருவான். அவ டீச்சராயிருவா," என்றாள், நூலைச் சுற்றியபடியே. "புள்ள இதுல எடுத்துத் தந்தா. போன மாசமே முடிச்சாச்சு."

"நான் வருத வரைக்கும் பொறுக்க முடியலையாட்டி?"

"நீங்க எப்ப வருவியன்னு யாருக்குத் தெரியும்? இது இங்கனயே கெடக்கு."

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "அண்ணாச்சிக்குச் சக்களத்தி வந்தாச்சு!"

மனைவி என்னைப் போகச் சொல்லவில்லை. சோறு போட்டாள். போடும்போதும் கண் அதன்மேல்தான். அதைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டேன்.

சேரன்மகாதேவிப் பேருந்து நிலையத்தில் படுத்து எழுந்து, காலையில் வண்ணார்பேட்டைக்குப் போனேன். அங்கே டேப்லெட் விற்கும் கடை ஒன்று உண்டு. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"வாங்குதீரா, சும்மா பாக்கீரா?" என்றார் கடைக்காரர். வாசலில் மைக்கில் கூவுகிற ஆள் வராத எரிச்சல் அவருக்கு.

திரையில் ஏதோ கதை இருந்தது. பழக்கத்தில் வாய்விட்டே படித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"குரல் நல்லாத்தான இருக்கு வே. மைக்கப் பிடிக்கீரா?"

பிடித்தேன். அவர் தந்த தாளில் விலையும் தள்ளுபடியும் மட்டும் இருந்தன. இரண்டு தரம் படித்தேன். யாரும் திரும்பவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னேன்:

"பீடி சுத்துத அக்காமாரே, கையில தூளா இருக்கேன்னு யோசிக்காதிய. முழங்கையால தள்ளினாப் போதும், பக்கம் திரும்பும்."