கடைசி பஸ்ஸும் முக்கால் படமும்

பேர் வாங்கிய படம், பார்த்தே தீரவேண்டிய படம் என்று அந்தக் காலத்தில் ஊரே கொண்டாடியவற்றில் முக்கால்வாசியை நான் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கு எழுபத்தைந்து படம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். வந்த நல்ல படம் ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி பார்த்தேன். மிச்சக் கால்வாசியை அட்டனிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

காரணம் பஸ்தான். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியா பக்கம். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் பார்க்க அட்டனுக்குப் போவோம். படம் முடிவதற்கு முன்பே எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் நடராஜாதான். விடிய விடிய நடந்து வந்தாலும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்திவிடுவோம். அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. அதனால் கதாநாயகி விஷக் கோப்பையை வாயருகே கொண்டுபோகிற நேரம் பார்த்து எங்கள் தோட்டத்துச் சனம் மொத்தமும் எழுந்து, பின்னால் இருப்பவர்களின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வெளியே ஓடும். குடித்தாளா, யாராவது தட்டிவிட்டார்களா, யாருக்குத் தெரியும்! எனக்கு வருகிற ஆத்திரத்தில் அந்த பஸ்ஸை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாமா என்றிருக்கும்.

பாட்டுப் புத்தகத்தில் கதை போட்டிருப்பார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் பஸ்ஸில் அதை உரக்க வாசிப்பது என் வேலை. அந்தப் புத்தகமாவது ஒழுங்காகச் சொல்லுமா? 'அவள் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பான் படுபாவி. வெள்ளித்திரையை விட்டுத்தானே ஓடி வந்திருக்கிறோம்!

ஆகவே முடிவை நாங்களே கட்டிக்கொண்டோம். திங்கட்கிழமை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே நிரைக்கு நிரை கதை போகும். கங்காணி, "வாய் ஓடுற வேகத்துக்குக் கை ஓடலியே" என்று அதட்டுவார், கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் அந்தப் பய என்னா ஆனான்?" என்று அவரே கேட்பார். இரக்கப்பட்டவள் சொன்னால் கதாநாயகி பிழைத்தாள். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள் சொன்னால் மாமியார்க்காரி பைத்தியமானாள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு முடிவு. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு ஆட்களும் எங்கள் கீழ்க்கணக்கு ஆட்களும் சந்தித்தால், எங்கள் முடிவுதான் சரி என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சண்டை நடக்கும். நானும் சும்மா இருந்ததில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லை. லயத்து வரிசை அறைகளில் எனக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, மலையில் எனக்கு அடுத்த நிரை. படத்துக்குப் போகவும் அவள்தான் துணை. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே அவள் புருஷன் கொழும்பில் வேலை என்று போனான். போனவன் போனவன்தான். பிள்ளைகுட்டி இல்லை. அவன் விட்டுப்போன சட்டை ஒன்று அவள் காம்பராவில் ஆணியில் தொங்கும். மாதம் ஒரு தடவை அதை எடுத்துத் துவைத்து, காயப்போட்டு, மறுபடி மாட்டுவாள். எனக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றாகியிருந்தது. யாரை எப்போது கப்பலேற்றுவார்களோ என்ற பேச்சு எல்லா லயத்திலும் இருந்தது. அக்காவுடைய அண்ணன், அனுப்புகிறவரைக்கும் காத்திருப்பானேன் என்று தானாகவே குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக முடிவெடுத்துவிட்டார்.

"நீயும் வந்துரு ஆத்தா. புருஷனும் இல்லாம, புள்ளயும் இல்லாம, இந்த லயத்துல ஒத்தையில கெடந்து என்னா பண்ணப் போற?"

"அவரு திரும்பி வந்து பாத்தா ஆளில்லாமப் போயிருமேண்ணே."

இதே பேச்சுத்தான் தினமும். அவர் கெஞ்சுவார், இவள் அழுவாள். போகிறதா இருக்கிறதா என்று தெரியாமல் இவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இவள் போய்விட்டால் என் கதி என்ன என்று எனக்கும் இறங்கவில்லை. அதைச் சொன்னால் தன்னலம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு படம் வந்தது. கொழும்பில் மாதக்கணக்காக ஓடியதாம், பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்களாம். புருஷன் கடல் கடந்து போகிறான். பெண்டாட்டி வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். என்ன நடிப்பு, என்ன பாட்டு! இடைவேளைக்கு முன்பே என் முந்தானை நனைந்துவிட்டது. கடைசியில் ஒரு மழை. அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாங்களும் எழுந்தோம்.

பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, கதவத் தட்டுனது அவன்தான்னா நான் இங்கயே இருக்கேன். வேற யாரோன்னா அண்ணனோட போயிர்றேன்."

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? சினிமாவப் பாத்தா முடிவு பண்ணுவ?"

"கோயில்ல பூ போட்டுக் கேட்டேன். ஒருக்கா வெள்ளப் பூவு, ஒருக்கா செவப்புப் பூவு. சாமிக்கே தெரியல. இது ஒண்ணுதான் பாக்கி."

நான் அலையாய் அலைந்தேன். பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். எங்கள் கீழ்க்கணக்கில், தட்டியது புருஷன்தான் என்றார்கள். மேல்கணக்கில், அவன் செத்த சேதியோடு வந்த சிநேகிதன் என்று சத்தியம் செய்தார்கள். ராகலையிலிருந்து வந்திருந்த ஒருத்தி, யாருமே இல்லை, காற்றுத்தான் என்றாள். அவர்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ் இன்னும் முன்னாலேயே போய்விடுமாம். கதவு தட்டியதையே அவள் பார்க்கவில்லை. அவளிடம்போய்க் கேட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணன் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி போனோம். லயத்துச் சுவருக்குக் காது உண்டா இல்லையா தெரியாது. எங்கள் லயத்தில் எல்லோருக்கும் உண்டு. அக்கா விஷயம் பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. மழை வந்தது. கதவு தட்டுகிற சத்தம் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. செத்தாலும் எழுந்திருப்பதில்லை என்று நானும் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர்கூட அசையவில்லை.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. பிறகு டிரைவரே உள்ளே வந்துவிட்டார். சிங்களவர், எங்கள் எல்லோரையும் தெரிந்தவர். "யமு, யமு! பஸ் போகுது! எல்லாம் வாங்க!" என்று இருட்டில் கத்தினார்.

"பொட்டக் இன்ன மாத்தயா! கொஞ்சம் இருங்க!" என்று நானும் கத்தினேன்.

அவர் திரையைப் பார்த்தார். விளக்கோடு அவள் கதவருகே போய்க்கொண்டிருந்தாள். "கவுத ஏ? யாரு அது?" என்று கேட்டார்.

"அது தெரியாமத்தான ஒக்காந்திருக்கோம்!"

மனுஷன் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. அவன்தான்! கொட்டகையே எழுந்து கைதட்டியது. டிரைவர் விசிலடித்தார். திரையில் அவள் அவன் காலில் விழுந்து அழுதாள், அவன் தூக்கி நிறுத்தினான், அவள் இலை போட்டுச் சோறு வைத்து விசிறினாள். பிறகு பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை வந்தது. அத்தனை வருஷம் படம் பார்த்தும் அப்படி ஒரு வார்த்தை வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நான்தான் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தேன்: "சுபம்!"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா எங்கேயும் போகமாட்டாள். சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் வரும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

"அதான் வந்துட்டான்ல? இன்னும் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன் மொகம் தெரிஞ்சதும் எனக்குச் சந்தோசமே வரல தங்கச்சி. ஐயோ, வந்துட்டானேன்னு இருந்துச்சு."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"எல்லாரும் கை தட்டுறீங்க. இத்தன வருசமா எங்க இருந்தேன்னு ஒரு வார்த்த கேட்டாளா அவ? சோத்தப் போட்டு விசிறி விடுறா." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நானும் அதத்தான பண்ணியிருப்பேன். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அப்படியானால் அண்ணனோடு போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மலையில் அவளைப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் என் பக்கத்து நிரையில் வந்து நின்றாள். கயிற்றுக்கு அடியில் சும்மாடாக ஒரு துணி மடித்து வைத்திருந்தாள். கோடு போட்ட துணி. அந்தச் சட்டை!

சாயந்தரம் அண்ணன் வந்தார்.

"நான் வரலண்ணே."

"இன்னும் அவன் வருவான்னா நெனச்சுக்கிட்டிருக்க?"

"அவருக்காக இல்லண்ணே. எனக்கு இங்க வேல இருக்கு, காம்பரா இருக்கு, நம்ம சனம் இருக்கு. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க."

ரயிலடியில் அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து நானும் அழுதேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் படத்துக்குப் போனோம். டிரைவர் நல்ல அழுகைப் படம் என்றால் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். சண்டைப் படம் என்றால் அவருக்கு ஆகாது, ஹார்ன் அடித்துக் காதைக் கிழித்துவிடுவார். அக்காதான் முதல் ஆளாக எழுந்திருப்பாள். நான் முனகினால், "முடிவு என்னாவா இருந்தா நமக்கென்ன, வாடி" என்று இழுத்துக்கொண்டு போவாள்.

எத்தனையோ மழைக்காலம் கழித்து, ஒரு நாள் சாயந்தரம், அவன் வந்தான். நிஜமாகவே வந்தான். தலை நரைத்து, கையில் ஒரு துணிப்பையோடு லயத்து வாசலில் நின்றான். லயமே அவரவர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வந்து நின்றது. இவள் காலில் விழுந்து வைப்பாளோ, இலை போட்டு விசிறுவாளோ என்று எனக்குப் பயம்.

அக்கா அவனைப் பார்த்தாள். உள்ளே கூப்பிடவில்லை. வெளி இஸ்தோப்பிலேயே ஒரு பலகையைப் போட்டாள். பாலில்லாத சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என் சட்ட ஒண்ணு இங்கன தொங்குமே?"

"கூடக் கயித்துக்குச் சும்மாடா வச்சேன். நைஞ்சு போச்சு."

கீழே ரோட்டில் அட்டனுக்குத் திரும்பிப் போகிற பஸ் ஹார்ன் அடித்தது.

"அதுதான் கடைசி பஸ்ஸு," என்றாள் அக்கா. "விட்டா வேற இல்ல. ஏந்திரிங்க."

அவன் எழுந்தான். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான். பஸ் புறப்படுகிற சத்தம் கேட்கும்வரை லயத்தில் ஒருவரும் அசையவில்லை. அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

என் வாய் சும்மா இருக்குமா?

"சுபம்!" என்று கத்தினேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.