எங்கள் வீட்டுக் கிணறு நீங்கலாக

கலைக்களஞ்சியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாமிரபரணிக் கரை ஊர்களுக்கும் தெற்கே செம்மணல் மேடான தேரிக்காட்டு ஊர்களுக்கும் சேர்த்து ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவரும் ஆசை பாளையங்கோட்டையில் சிலருக்கு வந்தது. ஆளுக்கொரு கட்டுரை எழுதுவது, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவது, யாருக்கும் சம்பளம் கிடையாது. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த என்னைத் துணைப் பதிப்பாசிரியராகப் போட்டார்கள். எழுதியதற்கு ஆதாரம் இருக்கிறதா, அடுத்தவர் எழுத்தை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஊரில் கெட்ட பெயர் வாங்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவோம். கொற்கையைப் பற்றி வந்த கட்டுரையில், ஆதாரம் என்ற இடத்தில் ‘ஊரறிந்த விஷயம்’ என்று இருந்தது. ராதாபுரத்தைப் பற்றி எழுதியவர் ‘என் மாமனார்’ என்று போட்டிருந்தார். மாமனார் எந்த நூலில் பார்த்தார் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள் என்றேன். மனிதர் அதோடு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் ‘இது உமக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்பதும், அவரைப் பொய்யர் என்பதும் ஒன்றுதான்.

இந்த எரிச்சலுக்கு நடுவே ஒரு நல்ல கட்டுரை வந்தது. தேரிக்காட்டுக் கிணறுகளைப் பற்றியது. எழுதியவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், பாளையங்கோட்டையில் மூத்த சைவக் குடும்பம். செம்மண்ணில் எவ்வளவு ஆழத்தில் ஈரம் தட்டும், தண்ணீர் எந்த மாதத்தில் கரிக்கும் என்றெல்லாம் அத்தனை சுத்தமாக எழுதியிருந்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு ஆனந்தமாகப் படித்துக்கொண்டு போனேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: ‘அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு நீங்கலாக, தெருவில் இருந்த அத்தனை கிணறும் உப்பாகிவிட்டது.’

அவர் வீட்டில் கிணறே கிடையாது. பிறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீர்.

அடுத்த ஞாயிறு அவரிடமே கேட்டேன். “ஐயா, உங்க வீட்டுக் கிணறு எங்கன இருக்கு?”

கொஞ்சமும் கூச்சப்படாமல் சிரித்தார். “அது ஒரு புஸ்தகத்துல உள்ளது. நல்ல விஷயம், நாலு பேருக்குப் போயிச் சேரட்டுமேன்னு எடுத்தேன்.”

திசையன்விளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைக்காசு போட்டு அடித்த சின்னப் புத்தகம் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி அதேதான். ‘நான்’ என்று வந்த இடங்களை மட்டும் நம் பெரியவர் நீக்கியிருந்தார். கிணறு தப்பிவிட்டது.

செய்தியை எடுக்கலாம், ஆனால் நம்முடைய நடையில் எழுதி அந்த நூலின் பெயரை அடியில் போட வேண்டும், அந்த ஆசிரியரின் வாக்கியங்களே வேண்டுமென்றால் அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று தலைமைப் பதிப்பாசிரியரிடம் சொன்னேன்.

“நீரு ஒருத்தரு இருக்கீரே வே!” என்று அலுத்துக்கொண்டார் அவர். “நமக்கு வேண்டியவரு. இந்த வயசுல அவரப் போயி களவாணிம்பீரா?”

“எழுதினவரு வேண்டாதவரா?”

“அவர யாருக்கு வே தெரியும்?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுவாரம் பஸ் பிடித்துத் திசையன்விளைக்குப் போனேன். தட்டச்சுத் தாள்களை அந்த ஆசிரியர் நின்றபடியே படித்தார். சண்டைக்கு வருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். “எங்க கெணத்தையே தூக்கிட்டுப் போயிட்டாகளே சார்!” என்று சிரித்தவர், அதே கிணற்றில் இறைத்து ஒரு செம்பு தண்ணீர் தந்தார். இனிப்பாகத்தான் இருந்தது.

“போட்டுக்கிடுங்க சார். எம் பேர மட்டும் அடியில போட்டிருங்க. எனக்கு அது போதும்.”

“போடுதோம் அண்ணாச்சி” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கட்டுரை முழுவதையும் நானே திருப்பி எழுதினேன். அடிக்குறிப்பில் அவருடைய பெயரையும் நூலின் பெயரையும் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா அன்றுதான் புத்தகத்தைக் கையில் தந்தார்கள். பக்கம் கூடிவிட்டதாம், அடிக்குறிப்பு அத்தனையும் போய்விட்டது. அவற்றுக்குப் பதில் கடைசிப் பக்கத்தில் ‘பல நூல்கள் துணைபுரிந்தன’ என்று ஒற்றை வரி. பெரியவர் மனம் நோகக் கூடாதென்று அவருடைய பழைய கட்டுரையையே, அவர் பெயரிலேயே போட்டிருந்தார்கள். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. ‘எங்கள் வீட்டுக் கிணறு’ என்பது ‘ஒரு வீட்டுக் கிணறு’ ஆகியிருந்தது. நான் தொண்டை கிழியக் கத்தியதில் அவர்கள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மாலை போட வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன்.

இரண்டு மூன்று வருடம் கழித்து அந்த ஆசிரியர் கல்லூரிக்கு என்னைத் தேடி வந்தார். முதல் பதிப்பு தீர்ந்துபோய் இரண்டாம் பதிப்பு அடித்து, ஒரு நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். தேர்வுக் குழு திருப்பி அனுப்பிவிட்டது.

“உங்க கலைக்களஞ்சியத்தப் பாத்து நான் காப்பி அடிச்சிருக்கேன்னு சொல்லுதாங்க சார். மொதப் பதிப்புல வருசம் போடாம விட்டுட்டேன்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நடந்தது இதுதான், இவருடைய நூலே மூலம் என்று துணைப் பதிப்பாசிரியன் என்ற முறையில் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினேன். ‘தாங்கள் கூறுவதற்குக் கலைக்களஞ்சியத்தில் ஆதாரம் இல்லை’ என்று பதில் வந்தது. எல்லாரிடமும் ஆதாரம் ஆதாரம் என்று கேட்டுச் சண்டை போட்ட என்னிடமே!

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். துண்டுச் சீட்டு அச்சடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டிக் கொடுத்தார். நூலகம் வாங்கிக்கொண்டது. எனக்கும் ஒரு பிரதி தபாலில் வந்தது. ‘எங்கள் வீட்டுக் கிணறு நீங்கலாக’ என்ற வரிக்கு நேர் கீழே, பசை காய்ந்து சுருங்கிய சீட்டில், நாங்கள் யாருக்கும் போடாத அடிக்குறிப்பை அவர் எங்களுக்குப் போட்டிருந்தார். ஆதாரம்: கலைக்களஞ்சியம், பக்க எண்ணோடு.