பிணமாக நடந்த ஆராயி

கீழ்புத்துப்பட்டில் பிறந்த ஆராயி, வாழ்க்கைப்பட்டு மரக்காணத்துக்கு வந்தவள். மூன்றாம் வருஷமே புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அதன்பிறகு இருபது வருஷமாக உப்பளத்தில்தான் நின்றாள். குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஊன்ற முடியாது. பாதத்தின் ஓரத்தில் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். அளத்துப் பெண்கள் எல்லாருக்குமே அந்த நடைதான்.

அந்த நடைக்காகத்தான் எழுபத்தாறாம் வருஷம் சென்னையிலிருந்து வந்த சினிமாக் கம்பெனி அவர்களைப் பிடித்துக்கொண்டது. செத்தவர்கள் எழுந்து ஊருக்குள் வருகிற கதை. அதுவரை யாரும் செய்யாத செலவு என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு ஜெனரேட்டர், கேமராவை ஆகாயத்துக்குத் தூக்கும் கிரேன், லாரி லாரியாகச் சாமான். டைரக்டர், கூட்டி வந்த துணை நடிகர்களைப் பின்னால் தள்ளிவிட்டு அளத்துப் பெண்கள் நாற்பது பேரை முன்வரிசையில் நிறுத்தினார்.

"இந்த நடைய எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று உதவி டைரக்டர் சிவஞானம் கேட்டான்.

"நாலு நாளு உப்புல நின்னு பாருங்க சார், உங்களுக்கே வந்துடும்" என்றாள் ஆராயி.

மூன்றாம் நாள் சாயங்காலம், சூரியன் இறங்குவதற்குள் ஒரு பெரிய ஷாட். முகத்தில் மாவும் பசையும் அப்பிய பிணங்கள் வரப்பைத் தாண்டி, கால்வாய்க் கரைச் சேற்றில் இறங்கி வரவேண்டும். ஆராயிக்கு அந்த இடம் தெரியும். மேலே காய்ந்த ஏடு, கீழே அடி தெரியாத உளைச்சேறு.

"சார், அங்க வேணாம். ஆள முழுங்கிடும்."

"பாத்தாச்சும்மா. பலகை போட்டிருக்குது" என்றான் சிவஞானம்.

பலகை போட்டிருந்தது உண்மைதான், கிரேன் நிற்கிற பக்கம் மட்டும்.

புகை விட்டார்கள். ஒலிபெருக்கிக் குழாயில் டைரக்டரின் குரல் வந்தது. நாற்பது பேரும் கையைத் தொங்கவிட்டு நடந்தார்கள். ஆராயிக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளி அருக்காணி வந்தாள். அடுத்த வீட்டுப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவள் கால் வைத்த இடத்தில் ஏடு உடைந்தது. முழங்கால் போயிற்று. இழுக்கப் பார்த்தாள், தொடை போயிற்று.

"அக்கா!"

வாயை அகலத் திறந்து, கைகளை மேலே வீசி அவள் கத்தினாள். மற்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இதுவும் நடிப்போ என்று சிலருக்குச் சந்தேகம்.

"பிரமாதம்! நிறுத்தாதே, ஓட்டு!" என்றது குழாய்.

ஆராயி ஓடினாள். உளையின் விளிம்பில் நெஞ்சு படக் குப்புற விழுந்து, ஊர்ந்து போனாள். அருக்காணிக்கு அதற்குள் இடுப்பளவு வந்திருந்தது.

"உதறாதடி! உதறினா இன்னும் இறங்குவ. மல்லாக்கச் சாஞ்சுக்கோ. என்னையே பாரு."

அக்குளில் கை கொடுத்துப் பிடித்தாள். சேறு விடவில்லை. ஒரு விரற்கடை வந்தால் அரை விரற்கடை திரும்பப் போயிற்று. முகத்து மாவு கரைந்து கண்ணில் இறங்கி எரிந்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. உளை ஒரு சத்தத்தோடு வாயைத் திறந்தபோது இருவரும் சேர்ந்தே வரப்பில் விழுந்தார்கள். அப்போதும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

சிவஞானம் ஓடிவந்தான். "அத வெட்டிடுவோம்மா. சத்தியமா படத்துல வராது."

அடுத்த தை மாதம் படம் மரக்காணம் கொட்டகைக்கு வந்தது. முதல் ஆட்டத்துக்கு அளமே திரண்டு போயிற்று. பெண்கள் பக்கம் மணலில் அருக்காணியும் ஆராயியும் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்திகளில், பாட்டும் மேளமும் இல்லாமல், அந்தச் சாய்ந்த நடை திரையில் வந்தபோது கொட்டகை மூச்சுவிடவில்லை. இடைவேளைக்குப் பிறகு கால்வாய்க் கரை வந்தது. அருக்காணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஷாட் வெட்டப்படவில்லை. திரையில் ஆராயி அருக்காணியைச் சேற்றுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புவரை அமுக்கிவிட்டு, ஊர்ந்து பின்வாங்கி, எழுந்து, பின்பக்கமாகவே ஓடிப் புகைக்குள் போனாள்.

விசில் பறந்தது. "டேய், அது நம்ம ஆராயிடா! கொன்னுட்டா பாரு!"

ஆராயிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அப்படியா செய்தேன் என்று ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்தது. பக்கத்தில் அருக்காணி எழுந்து நின்றாள். வெளிச்சம் அவள் முதுகில் விழுந்து, திரையை நிழல் மறைத்தது.

"பொய்யி! சுத்தப் பொய்யி! இவங்கதான் என்னைத் தூக்கினாங்க!"

உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் உட்காரவில்லை. அன்று கூட நடந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆபரேட்டர் பக்தவச்சலம் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

நடந்ததைக் கேட்டவர் தலையில் அடித்துக்கொண்டார். "கம்பெனிக்காரனுங்க அந்த ஷாட்டை மட்டும் பின்னாலேர்ந்து முன்னால ஓடற மாதிரி திருப்பிப் போட்டிருக்கானுங்க. தூக்கினது அமுக்கின மாதிரி ஆயிடுச்சு." அதையே கொட்டகை முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொன்னார். பிறகுதான் படம் தொடர்ந்தது.

ஆட்டம் விட்டதும், "எப்படிம்மா படம்?" என்று பக்தவச்சலம் ஆராயியிடமே கேட்டார்.

"நாங்க நடக்கறது நல்லா இருக்குதுங்க. சத்தம் போடாம பயமுறுத்துது. நம்ம அளத்த யாரும் அவ்ளோ அழகா காட்டினதில்ல, நானே இப்பதான் பாக்கறேன். ஆனா அந்த ஹீரோ ஒத்தக் கையால நாப்பது பேர வெட்டறாரு, உடனே தோட்டத்துல பாடறாரு. செத்தவங்க யாரு, எந்த வீட்டு ஆளுங்க, ஏன் எழுந்து வந்தாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. அவ்ளோ செலவு பண்ணாங்க, அதக் கேக்க ஒருத்தருக்கும் தோணல பாருங்க."

படம் பதினோரு நாள் ஓடியது. "கொலைகாரி" என்று அளத்தில் யாராவது கேலி பேசினால், ஆராயி வாய் திறப்பதற்கு முன் அருக்காணி சண்டைக்குப் போய்விடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு கம்பெனி ஆள் கேட்டு வந்தது. ஆராயி போனாள். ஷாட்டுக்கு முன்னால் ஒரு கழியோடு சேற்றில் இறங்கி, குத்திக் குத்திப் பார்த்து, வரிசையாகக் குச்சி நட்டுவிட்டு வந்தாள்.

"இதுக்கு அந்தாண்ட எங்க பொம்பளைங்க வரமாட்டாங்க சார்" என்றாள்.

கேமராவை இந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள்.