நேற்றைய நிலாவும் ஆடியில் பிரிந்த நாடும்

நடந்து முடிந்ததை, அது நடந்த தேதியில் எழுதுவதுதான் என் வேலை. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு வாரம் வந்து செய்து பார்க்கலாம். சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். வகுப்பில்லாத நாள்களில் பொங்கோலிலிருந்து ரயிலேறி, தேக்கா பக்கம் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்துக்கு வருகிறேன். கடைகளில் தொங்கும் திரைகளில், விளம்பரத்துக்கு நடுவே ‘வரலாற்றில் இன்று’ என்று இரண்டு வரி ஓடுமே, அது நான் எழுதுவது.

ஜூலையில் மேலாளர் செல்வி அக்கா சொல்லிவிட்டார்: செப்டம்பர் வரை பார்ப்போம், கடைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ராசிபலன். பகுதிநேர வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, வரலாறு ராசிபலனிடம் தோற்பதா? விடுவேனா நான்!

நேற்றைய நிலா

மனிதன் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் ஜூலை இருபது இரவு. இங்கே இருபத்தொன்று காலை. நாம் ஏன் அமெரிக்கக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்? இருபத்தொன்றாம் தேதிதான் போட்டேன். பரோட்டாக் கடை பாயிடமிருந்து உடனே அழைப்பு. ஊரில் எல்லார் கைபேசியிலும் அது நேற்றே வந்துவிட்டதாம்.

நேரே போய் விளக்கினேன். பூமி உருண்டை என்பதற்கு அவருடைய பரோட்டா மாவு உருண்டையையே எடுத்துக் காட்டினேன். எந்தப் பக்கம் முதலில் விடிகிறது என்பதில் நடுவில் எனக்கே கொஞ்சம் குழப்பம் வந்துவிட்டது. பாய் உருண்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்: “எல்லாம் சரிதாம்மா. நேத்து நிலாவை இன்னிக்குப் போட்டா, சால்னாவும் நேத்து வெச்சதுன்னுதானே நினைப்பாங்க?”

ஆடியில் ஒரு நாடு

சிங்கப்பூர் பிறந்த நாளான ஆகஸ்ட் ஒன்பதில் யார் குறை சொல்ல முடியும் என்று நிம்மதியாக இருந்தேன். நகைக்கடை அண்ணாச்சி சொன்னார். “ஆடி மாசமாச்சேம்மா! ஆடியில யாராவது புதுசா ஒண்ணைத் தொடங்குவாங்களா? தேதியைச் சரியாப் பாத்தியா?”

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்திருக்கும். தேசிய தினத்தையே மாற்றச் சொல்கிறாரா? “அது நல்ல நேரம் பார்த்துத் தொடங்கியது இல்லை, அண்ணாச்சி. மலேசியாவோடு சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. அதிலிருந்து பிரிஞ்ச நாள்,” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்படிச் சொல்லு! புதுசா சேர்ந்தவங்களை ஆடியில பிரிச்சு வைக்கிறது வழக்கம்தானே. ஆவணி வந்தும் யாரும் திரும்ப அழைச்சிட்டுப் போகலை, அவ்வளவுதான்!”

போர் எப்போது முடிந்தது?

ஆகஸ்ட் பதினைந்து: ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. செப்டம்பர் இரண்டு: கப்பலில் கையெழுத்துப் போட்டது. செப்டம்பர் பன்னிரண்டு: இங்கே சிங்கப்பூரில் தனியாகச் சரணடைந்தார்கள். எதை விடுவது? இந்தியச் சுதந்திரத்தை வேறு ஆகஸ்ட் பதினைந்தில் இதோடு திணித்தேன். மூன்று நாளும் ‘போர் முடிந்தது’ என்று போட்டேன். மூன்றும் உண்மை, ஆதாரம் என் பையிலேயே இருந்தது.

புடவைக்கடை ஆன்ட்டி அதைப் பார்க்கவே மாட்டேன் என்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “‘இன்றே கடைசி’ன்னு மூணு தடவை போடுறது எங்க வேலை, கேர்ள். நீ ஏன் போடுற?” என்றார்.

செல்வி அக்காவின் தீர்ப்பு

செப்டம்பர் கடைசியில் செல்வி அக்கா, வந்த புகார்களை எல்லாம் வாசித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று பதில் சொன்னேன். நேர வித்தியாசம், பிரிவினை, மூன்று சரணாகதிகள். அக்கா ஒரு இடத்திலும் மறுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“நீ சொல்றது எல்லாமே சரி. அதான் பிரச்சனையே லா. பசியில வந்து உட்கார்றவங்களுக்கு இவ்வளவையும் யாரு விளக்குறது?”

இப்போது அதே இடத்தில், ஜோசியர் அனுப்பும் ராசிபலனைத் தட்டச்சு செய்கிறேன்: நடந்ததைச் சொன்னபோது கடைக்குக் கடை விளக்கம் கேட்டவர்கள், நடக்கப்போவதை நான் போட்டால் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.